சிறுமீனின் பெருமை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குழந்தைகளைக் கவிதையிடம் அழைத்துச் செல்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் குழந்தைகளை ஆற்றிடம் அழைத்துச் செல்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா என்பதை இறுதியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

மேனாட்டில் பொய்ப்பூச்சித் தூண்டில் என்றொரு கலை உண்டு. நம்மூர்த் தூண்டிலில் மண்புழு உண்டு, தக்கை உண்டு. 'தூண்டிற்காரனுக்குத் தக்கைமேலே கண்' என்ற பழமொழியும் உண்டு. இந்தக் கலையில் புழு இல்லை. இறகு, மயிர், நூல் இவற்றைத் தூண்டில்முள்ளில் கட்டிச் செய்த போலிப் பூச்சியே இரை. அதற்கு எடை என்பது ஏறக்குறைய இல்லை. எடையற்ற ஒன்றைத் தொலைவில் எறிவது எப்படி? கயிற்றுக்கு எடை கொடுத்துவிட்டார்கள். கோலைப் பின்னும் முன்னும் வீச, கயிறு காற்றில் விரிந்து நீண்டு, பூச்சியை நீர்மேல் மெல்ல இறக்குகிறது. பின்னே போன கயிறு முழுதும் விரியும்வரை ஒரு கணம் பொறுத்திருக்க வேண்டும். அந்த ஒரு கணத்தைப் பொறுக்காதவனுக்கு இக்கலை கைவராது. சீரும் தளையும் அறிந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இக்கலைக்கு நெடியதோர் இலக்கிய மரபும் உண்டு. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய 'த கம்ப்ளீட் ஆங்ளர்' ஆசானும் மாணாக்கனும் உரையாடுவதாக அமைந்த நூல். அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் பொய்ப்பூச்சி பற்றிய பகுதியைச் சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்தார். 1976இல் வெளிவந்த நார்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்னும் கதையில், பாதிரியாரான தந்தை தம் புதல்வர் இருவருக்கும் தாளக்கருவியை வைத்து, நான்கு எண்ணிக்கையில் கோல் வீசக் கற்பிக்கிறார்.

அந்தக் கதை உட்பட, இம்மரபின் நாயகன் பெரும்பாலும் டிரௌட் என்னும் மீனே. குளிர்ந்த தெளிநீரில் வாழ்வது. மனித நிழல் பட்டாலே மறைந்துவிடுவது. ஆறு வயதுக் குழந்தையை அந்த ஆற்றில் நிறுத்திப் பாருங்கள். கால் மரத்துப்போகும், காலை முழுதும் ஒரு மீனும் வராது, மாலைக்குள் தூண்டிலின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். குற்றம் குழந்தையினுடையதன்று. தொடங்கிய இடம் தவறு.

குழந்தைக்கு உரியது வெந்நாட்டு ஆறு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நடுப்பகுதியில் லானோ என்றோர் ஆறு ஓடுகிறது. ஜங்ஷன் என்னும் சிற்றூரருகே இரு கிளைகள் கூடிச் சுண்ணாம்புக்கல் நாட்டைக் கடந்து, கருங்கற் பாறைகளிடையே தவழ்ந்து, கிங்ஸ்லண்டில் அம்மாநிலத்துக் கொலராடோ ஆற்றோடு கலக்கிறது. கோடையில் பல இடங்களில் முழங்கால் அளவே நீர், அதுவும் இளஞ்சூடானது. அங்கே வாழ்வது சன்ஃபிஷ் என்னும் சிறுமீன் இனம். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் நிறத்தைப் பார்க்க வேண்டும்! செம்மஞ்சள் வயிறும், கன்னத்தில் நீலக் கோடுகளும், செவுளின் ஓரத்தில் கருமடலும் கொண்டவை சில. ஆண்மீன் வாலால் சரளையை ஒதுக்கித் தட்டுப் போலக் குழி செய்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும்.

இந்த மீன் நாணுவதில்லை. கோணலாக விழுந்த பூச்சியையும் பாய்ந்து கவ்வும். குழந்தைக்கு வேண்டியது இதுதான்: முயற்சிக்கு உடனே வரும் ஒரு மறுமொழி. மிதக்கும் பூச்சியையே கட்டிக் கொடுத்தால், அது மறைவதைக் குழந்தை கண்ணாலேயே காணும். நம் பழமொழி அங்கும் மெய்யாகிவிடும்.

கற்பிக்கும் முறையிலும் சில நயங்கள் உண்டு. முதலில் புல்தரையில், முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துணுக்கைக் கட்டி வீசப் பழக்குவார்கள். ஆற்றில் இறங்கும்போது முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் அமுக்கி மழுக்குவார்கள். மீனுக்கும் காயம் குறைவு, குழந்தையின் விரலுக்கும் காயம் குறைவு. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, உடலுக்கு மிதவைச் சட்டை. உச்சிவெயிலை விட்டுக் காலையும் மாலையுமே பொழுது.

அரைமணி நேரத்தில் குழந்தை கோலைக் கீழே போட்டுவிட்டுக் கல்லைப் புரட்டத் தொடங்கும். அறிந்த ஆசான் அதட்டிக் கூப்பிட மாட்டார். கல்லின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பூச்சிதான் அவர் பெட்டியில் இருக்கும் பொய்ப்பூச்சிக்கு மூலம். மெய்யைக் கண்ட குழந்தைக்கே பொய்யின் அழகு புரியும்.

பிடித்த மீனை விடுவதும் பாடமே. கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்பைத் துடைத்துவிடும். காவல் நின்ற மீனாயின் எடுத்த இடத்திலேயே உடனே விட வேண்டும். தாமதித்தால் முட்டைகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியாது. அதே ஆறு 2018 அக்டோபரில் பெருகிக் கிங்ஸ்லண்டுப் பாலத்தையே அடித்துச் சென்றது. 2025 ஜூலை 4 அதிகாலையில் அண்டையிலுள்ள குவாடலூப் ஆறு ஒருமணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் உயர்ந்தது. அந்நாட்களின் வெள்ளத்தில் அப்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமியரும் அவர்களுள் அடங்குவர். முழங்கால் நீர்தானே என்று எண்ணலாகாது. வானிலை அறிவிப்பைக் கேட்பதும், மேற்கே கறுத்தால் கரையேறுவதும், மேட்டுக்குப் போகும் வழியை முன்பே பார்த்து வைப்பதும் தூண்டிலுக்கு முந்திய பாடங்கள். ஆற்றை நேசிக்கக் கற்பிப்பவர், அதற்கு அஞ்சவும் கற்பிக்கக் கடமைப்பட்டவர்.

நண்பர்களே, நாம் நம் குழந்தைகளைத் தமிழின் எந்த ஆற்றில் நிறுத்துகிறோம்? பொருள் விளங்காத அருஞ்செய்யுளை மனப்பாடம் செய்வித்து, மேடையேற்றி, பரிசும் தருகிறோம். பரிசு வீட்டில் இருக்கிறது. பிள்ளை கவிதைப் பக்கம் திரும்புவதில்லை. விடுகதையும், கும்மிப்பாட்டும், நாலடியில் முடியும் எளிய பாட்டும் நம் சிறுமீன்கள். அவை உடனே கவ்வும், கையில் துள்ளும், நிறம் காட்டும். குழந்தை நடுவில் எழுந்துபோய்ச் சொல்லைப் புரட்டிப் பார்த்தால் அதட்டாதீர்கள். அலுப்புத் தட்டுமுன் கரையேற்றிவிடுங்கள். நாளை அதுவே உங்களை அழைக்கும்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பது நம் நாட்டு வழக்கு; அதில் சின்ன மீன் வெறும் இரை. குழந்தையிடம் அந்தக் கணக்கு வேண்டாம். அதன் கையில் துள்ளும் சின்ன மீன் தன்னளவிலேயே முழுமையானது. பெரிய மீன் வந்தால் வரட்டும்.

பத்தாண்டு கண்ட நம் வட்டம், அடுத்த பத்தாண்டில் இளஞ்சூடான ஆறு ஒன்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.