கல்யாணக் கடன் கேட்டு வந்த நாள்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்ல. பொம்பளப் பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எங்க குழுவுல நடந்ததையே சொல்றேன்.

தமிழ்நாட்டுல மகளிர் குழு 1989-ல முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். அந்தப் பெருமை நமக்கு இருக்கு. பிள்ளைங்களுக்குச் சின்ன வயசுலயே கல்யாணம் பண்றவங்கங்கிற பேரும் நமக்கு இருக்கு.

2024 மே மாசம், கூட்டத்துல ஒரு உறுப்பினர் 40,000 ரூபாய் கடன் கேட்டாங்க. எதுக்குன்னு நோட்டுல எழுதணுமே, கேட்டோம். பிள்ளைக்குக் கல்யாணம்னாங்க. அந்தப் பிள்ளைக்கு 15 வயசு. பத்தாவதுல கணக்குப் பாடம் ஃபெயில். வீட்டுல சும்மா இருக்கு, தாய்மாமன் மகனுக்குக் கேக்கறாங்க, முடிச்சிடலாம்னு சொன்னாங்க.

யாரும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பெரியம்மா, "அவ சேமிச்ச பணம், அவ கேக்கறா. வேணாங்கறதுக்கு நாம யாரு?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். எனக்கு உடனே பதில் வரல. எங்க ஊக்குநர்தான் சொன்னாங்க: "18 வயசுக்கு முன்னால கல்யாணம் பண்றது சட்டப்படி குற்றம். பண்ணி வைக்கிறவங்களும் மாட்டுவாங்க. இந்தப் பணம் பன்னெண்டு பேரு பணம். இதுல நடக்கிற கல்யாணத்தை நாமளும் சேர்ந்துதான் பண்ணி வைக்கிறோம்." அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஆயிடுச்சு. 18 நிறையாத பிள்ளை கல்யாணத்துக்குக் குழுவுல கடன் இல்லைன்னு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அந்தம்மா அழுதுட்டுப் போனவங்க மூணு வாரம் கூட்டத்துக்கு வரல. தெருவுல பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. கடன் இல்லைன்னு சொல்றது சுலபம். அவங்க பிரச்சினை அதுல தீருமா? வீட்டுக்கே போய் உக்காந்து கேட்டோம். பஸ் நிக்கிற இடத்துலயிருந்து ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர், சாயங்காலம் இருட்டிடுது, பிள்ளை யாரோடயாவது பேசிட்டு வந்தா ஊரு என் வாயிலதான் மண்ணைப் போடும், அவ அப்பனும் ஊர்ல இல்லைன்னாங்க. அவங்க பயம் பொய்யில்லீங்க. நம்ம எல்லாருக்கும் இருக்கிற பயம்தான்.

ஃபெயிலான பாடத்தை அதே வருஷம் துணைத்தேர்வுல எழுதலாம்னு அவங்களுக்குத் தெரியவே இல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய் விண்ணப்பம் போட்டோம். எங்க தெருவுக்கு மருமகளா வந்த பொண்ணு ஒண்ணு பி.எஸ்சி. முடிச்சிட்டு வீட்டுல இருந்துச்சு. தினமும் சாயங்காலம் அதுதான் கணக்கு சொல்லிக் கொடுத்துச்சு. (அந்தப் பொண்ணோட மாமியாரைச் சம்மதிக்க வைக்கப் பட்ட பாடு தனிக்கதை!) ஜூலையில எழுதி, 41 மார்க் எடுத்து, பதினொண்ணாவது சேர்ந்துடுச்சு. அந்தப் பக்கம் படிக்கிற அஞ்சு பிள்ளைங்களும் இப்போ சேர்ந்தேதான் வருதுங்க. ரோட்டோரம் காடு இருக்கிறவங்க முறை வெச்சு நின்னு கூட்டிட்டு வர்றோம்.

இன்னொண்ணும் செய்யறோம். எங்க குழுவுல பாதிப்பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதனால போன கூட்டத்து நோட்டை வாசிக்க, உறுப்பினர் பிள்ளைங்களை முறை வெச்சுக் கூப்பிடறோம். இந்தப் பிள்ளை முதல் தடவை வாசிச்சப்போ பக்கத்துல இருந்த எனக்கே கேக்கல. போன மாசம் வட்டி கணக்குல 20 ரூபாய் தப்புன்னு எழுந்து நின்னு சொல்லுது! பார்த்தா தப்புதான். அவங்க அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

காசு கணக்கும் பாருங்க. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேருல முன்னால கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தாங்க இல்லையா, அதைத்தான் மாத்தி 2022 செப்டம்பர் 5-லயிருந்து புதுமைப் பெண் திட்டம்னு கொடுக்கறாங்க. ஆறாவதுலயிருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளை காலேஜ் போனா மாசம் 1,000 ரூபாய், அது பேருலயே பேங்க்ல விழுது. மூணு வருஷப் படிப்புன்னா 36,000. அந்த 40,000 கடன் வாங்கியிருந்தா, நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில மாசம் 400 நாமதான் கட்டிட்டிருக்கணும்.

அந்தப் பிள்ளை இப்போ பன்னெண்டாவது. மாமன் வீட்டுல இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. அம்மா பரீட்சை முடியட்டும்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் என்ன சொல்வாங்களோ தெரியாது, நாங்க பக்கத்துலயே இருக்கோம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். புளி இறங்க ஆரம்பிச்சாச்சு. புளி தட்டிக் கொட்டை எடுக்கிறது கூலி வர்ற வேலை, பிள்ளையும் கூட உக்காந்தா ரெண்டு கிலோ சேர்த்து ஆகும். ஆனா பொதுப்பரீட்சையும் இதே சமயத்துலதான் வருது. பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்களைப் பரீட்சை முடியற வரைக்கும் புளிக்கிட்ட உக்கார வைக்காதீங்க. உங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடந்தா 1098-க்கு போன் பண்ணுங்க, காசு இல்ல, ராத்திரியிலயும் எடுப்பாங்க. துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட விவரம் வேணும்னா சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வாங்க, பந்தலுக்கு இடதுபக்கம் எங்க குழு கடலை மிட்டாய்க் கடையிலதான் இருப்பேன்.