ஹிக்கின்ஸ் பாகவதரைக் காதால் எடைபோடுவோம்

ஜான் பி. ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க இசையறிஞரின் பாட்டைப் பற்றி இன்று பேசப்போகிறேன். 1939-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையும் வரலாறும் படித்தவர். 1964-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்தார். வெகு விரைவில் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் பாடும் அளவுக்குத் தேறினார். ரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள். ஆனால் அவரைப் பற்றிய பேச்சு இன்றும் “வெள்ளைக்காரர் நம் பாட்டைப் பாடினாரே” என்ற வியப்பில் தொடங்கி, அந்த வியப்பிலேயே முடிந்துவிடுகிறது. அது அவருக்கு நாம் இழைக்கும் குறை. பிறந்த நாட்டை ஒதுக்கிவிட்டு, எந்த வழியில் கற்றார், எப்படிப் பாடினார் என்று பார்த்தால் அவருடைய மதிப்பு கூடுமே ஒழியக் குறையாது.

அவர் கற்ற வழி சாதாரணமானதல்ல. வீணை தனம்மாளின் வீட்டு வழி அது. தனம்மாளின் மகள் ஜயம்மாள். ஜயம்மாளின் மக்கள் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, மிருதங்க வித்வான் ரங்கநாதன், புல்லாங்குழல் வித்வான் விஸ்வநாதன். ரங்கநாதன் வெஸ்லியனில் கற்பித்தவர். ஹிக்கின்ஸ் வாய்ப்பாட்டு கற்றது விஸ்வநாதனிடம். அபிநயத்துக்காக மெதுவாகப் பாடும் பதங்களின் உயிரைத் தெரிந்துகொண்டது பாலசரஸ்வதியிடம். இந்த வீட்டுப் பாணியில் வேகத்துக்கு மரியாதை குறைவு. விளம்ப காலத்தில், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில்தான் ராகம் தெரிய வேண்டும். கச்சேரி மேடையில் கைதட்டலை எளிதாக வாங்கித் தருவது கற்பனைச் சுரமும் துரித காலமும் என்பதை எல்லோரும் அறிவோம். வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தப் பக்கம் போவதுதான் சுலபம். கணக்கைப் படித்தே பிடித்துவிடலாம். ஹிக்கின்ஸ் ஒளிய இடமில்லாத பதத்தைத் தேடிப் போனார். பாலசரஸ்வதி அபிநயம் பிடித்துப் புகழ்பெற்ற ‘கிருஷ்ணா நீ பேகனே’யை அவர் பாடியிருப்பதைக் கேளுங்கள். கனத்த குரல், அவசரமில்லாத நடை, சொல்லைச் சிதைக்காத நிறுத்தம். நாட்டியத்துக்குப் பாடுகிறவரின் பொறுமை அதில் இருக்கிறது.

அவர் ஆராய்ச்சியாளரும்கூட. பரதநாட்டிய இசையைப் பற்றி எழுதி 1973-இல் முனைவர் பட்டம் பெற்றார். அது அவர் மறைவுக்குப் பின் 1993-இல் நூலாக வந்தது. ஆராய்ச்சியும் பாட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் உள்ள உறவை ஆரணி வட்டாரப் பட்டு நெசவாளர்களுக்கு விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேலையின் பூவேலை எப்படி விழ வேண்டும் என்பதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துவிடலாம். பட்டு இழையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லாது, தறியில் உட்கார்ந்த கைதான் சொல்லும். சுரக்குறிப்பும் அப்படியே. கமகத்தின் அசைவு எழுத்தில் முழுதாக நிற்பதில்லை. ஹிக்கின்ஸ் எழுதுவதற்கு முன் பாடக் கற்றார், அதுவும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கற்றார். பதத்தைப் பற்றி அவர் எழுதியதற்குப் பாட்டே சாட்சியாக நிற்கிறது.

மறுப்புகளும் இருக்கின்றன. உச்சரிப்பில் அயல் வாடை அடிக்கிறது என்பது ஒன்று. சில இடங்களில் உண்மைதான். ஆனால் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமல் தப்பாகப் பிரித்துப் பாடும் நம்மவர்களை நாம் மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறோம். ஒரே குறைக்கு இரண்டு அளவுகோல் கூடாது. பக்தி மரபில் பிறக்காதவருக்கு இந்தப் பாட்டின் பொருள் எட்டுமா என்பது இன்னொன்று. நாகஸ்வரத்தில் ஷேக் சின்ன மௌலானாவையும், இசை ஆராய்ச்சியில் ஆபிரகாம் பண்டிதரையும் தந்த நாட்டில் இந்தக் கேள்வி எழவே கூடாது. மூன்றாவது மறுப்புதான் கனமானது: இந்த இசையைக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பங்கள் இங்கே ஒதுக்கப்பட்டன, புகழ் மட்டும் கடல் கடந்து வந்தவருக்குக் கிடைத்தது என்பார்கள். ஒதுக்கப்பட்டது உண்மை, அதற்குப் பொறுப்பு நம் சமூகம். அப்படியொரு குடும்பமான தனம்மாள் வீட்டின் பெயரை மறைத்து ஹிக்கின்ஸ் வளரவில்லை. தன் ஆராய்ச்சிப் பொருளாகவே அவர்களுடைய கலையை எடுத்துக்கொண்டார். ரங்கநாதனும் விஸ்வநாதனும் வெஸ்லியனில் ஆசிரியர்களாக இருந்தார்கள். 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஹிக்கின்ஸ் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியபோது, மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் அதில் உடன் நின்றார். கற்ற கலையை அதில் தேர்ந்த கலைஞர்களோடு சேர்த்தே வெளிநாட்டு வகுப்பறைக்குள் கொண்டுபோன ஏற்பாடு இது. நம் பல்கலைக்கழகங்கள் பரம்பரைக் கலைஞர்களுக்கு எத்தனை நாற்காலிகள் தந்தன என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1978-இல் அவர் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, சாலையில் நடந்துகொண்டிருந்த ஹிக்கின்ஸ் வண்டி மோதி இறந்தார். வயது 45. வாய்ப்பாட்டில் ஒருவர் பழுத்து வரும் வயது அது. பெரிய வித்வான்களின் வரிசையில் முதலில் வைக்க வேண்டியவர் என்று நான் சொல்லமாட்டேன். ராக ஆலாபனையின் விரிவில் அவரைவிடப் பெரியவர்கள் பலர். பதத்தையும் விளம்ப காலக் கீர்த்தனையையும் நேர்மையாகப் பாடியவர்களில் அவருக்கு உறுதியான இடம் உண்டு.

நேயர்களே, அவர் பாடிய ‘எந்தரோ மகானுபாவுலு’ இசைத்தட்டுப் பதிவாக நமக்குக் கிடைக்கிறது. பாடுகிறவர் யாரென்று சொல்லாமல், இசை தெரிந்த உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லும் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.