விளையாட்டுத் துப்பாக்கியும் வார்ப்பு உலோகமும்

(சாம்பியன் ரீப்சில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தீபாவளிக் கடையில் பிள்ளைக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கித் தந்தவர்கள் நம்மில் பலர். அது குழந்தையின் கையில் எடையற்றது. அதனால் ‘சுடப்பட்டு’ விழுகிறவன் மறுகணமே எழுந்து சிரிக்கிறான். அந்தப் பொம்மையை மணல் அச்சில் பதித்தெடுத்து, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றினால் என்ன நேர்கிறது? உருவம் மாறுவதில்லை, எடை வந்துவிடுகிறது, விளையாட்டு போய்விடுகிறது. போரைப் பற்றிப் பேச முனையும் சிற்பி விளையாட்டு ஆயுதத்தை வார்த்தெடுப்பதன் பொருள் இதுவே.

பொம்மையை வார்ப்பது புதிய முறையன்று. 1944இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்த பிக்காசோ, 1951இல் தம் மகனின் இரண்டு பொம்மைக் கார்களை இணைத்துக் குரங்கொன்றின் முகமாக்கினார். அது பின்னர் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ‘கொரியாவில் படுகொலை’ ஓவியத்தையும் அவர் தீட்டினார். அதில் சுடுகிறவர்கள் இரும்புக் கவசம் பூண்ட இயந்திர மனிதர்களைப் போல நிற்கிறார்கள். சுடப்படுகிறவர்கள் ஆடையற்ற பெண்களும் குழந்தைகளும். ஒன்றில் பொம்மை உயிர் பெறுகிறது. மற்றதில் மனிதன் பொம்மையாகிறான்.

மெய்யான ஆயுதங்களையே சிற்பமாக்கியது மொசாம்பிக். 1977 முதல் 1992 வரை அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. மக்கள் அரசுக்கு எதிராகப் போரிட்ட ரெனமோ படையை முதலில் ரொடீசியாவும் பின்னர் நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் வளர்த்தன. 1995இல் தொடங்கிய இயக்கமொன்று துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டு மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி ஆகியவற்றை வழங்கியது. செயலிழக்கச் செய்த அந்தத் துப்பாக்கிகளைக் கொண்டு கெஸ்டர் என்னும் சிற்பி 2001இல் ‘ஆயுத அரியணை’யைப் படைத்தார். அது இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள துப்பாக்கிகள் யாவும் அயல்நாடுகளில் செய்யப்பட்டவை. மாண்டவர்களோ அந்த மண்ணின் மக்கள்.

அந்நாட்டுக் கொடியில் இன்றும் மண்வெட்டி, புத்தகம் இவற்றோடு துப்பாக்கியும் இருக்கிறது. இதில் முரண்பாடு காண்போர் உண்டு. காலனிய ஆட்சியை எதிர்த்து ஏந்திய ஆயுதத்தையும், விடுதலைபெற்ற நாட்டைச் சிதைக்க ஏவிய ஆயுதத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட நம்மால் இயலாது. எனினும், போராட்டம் முடிந்தபின் ஆயுதத்தைக் கலப்பையாக்கும் கடமை இரு தரப்புக்கும் உண்டு.

இலங்கையில் சந்திரகுப்த தேனுவர 1997இல் ‘பேரலிசம்’ என்ற பெயரில் கண்காட்சி வைத்தார். சோதனைச் சாவடிகளில் படைச்சீருடை வண்ணம் பூசி நிறுத்தப்பட்ட பீப்பாய்களே அவருடைய கருப்பொருள். நாள்தோறும் கண்டு பழகிப்போன போர்ச் சின்னத்தை அவர் மீண்டும் உறுத்தச் செய்தார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மண்மேடுகள் எஞ்சின. நம் பிள்ளைகள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். எஞ்சியுள்ள பெருந்தொழிற்சாலை, 1964இல் தொடங்கப்பட்ட பெமல். மண்வாரி இயந்திரங்களோடு படைத்துறை வாகனங்களையும் செய்யும் அந்தப் பொதுத்துறை நிறுவனத்தைத் தனியாருக்கு விற்பதை நாம் எதிர்க்கிறோம். “அதைக் காக்கக் குரல் கொடுக்கும் நீங்கள் போரை எதிர்ப்பது எப்படி?” என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையான விடையும் உண்டு. பொதுச்சொத்தான ஆலையில் டாங்கி வேண்டுமா, டிராக்டர் வேண்டுமா என்று கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. ஆதாயத்துக்காக இயங்கும் ஆயுத ஆலையில் அந்த உரிமை இல்லை. அதற்கு ஓயாத போர் தேவைப்படுகிறது. நம் பகை ஆயுத வணிகத்தோடுதான். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியோடு அன்று.

வார்ப்பு ஆயுதம் வெறும் அழகுப்பொருளாகிச் செல்வரின் வரவேற்பறையில் அமர்ந்துவிடும் இடரும் உண்டு. ஆகவே, இவ்வூர் இளைஞர்கள் பொம்மைத் துப்பாக்கியை வார்க்க முன்வந்தால், அதன் அடிப்பீடத்தில் இரண்டு கேள்விகளைப் பொறிக்க வேண்டுகிறேன்: இதனால் மாண்டவர் யார்? இதை விற்றுப் பொருள் சேர்த்தவர் யார்?