வடைகறியும் ரிலேட்டிவ் க்ளாஸும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றுதான் சங்கத்தில் கேட்டார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஆங்கில இலக்கணம் பேசப் போகிறேன். எழுந்து போக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நடுவில் வடைகறி வரும்.

ரிலேட்டிவ் க்ளாஸ் என்று ஒன்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே க்ளாஸ் என்றால் வகுப்பும் இல்லை, டீ குடிக்கிற கிளாஸும் இல்லை. பெரிய வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வாக்கியம். ஹூ, விச், தட், வேர், ஹூஸ் என்று ஏதாவதொன்றில் தொடங்கி, தனக்கு முன்னால் நிற்கும் பெயரைப் பற்றி மேலும் ஒரு சேதி சொல்லும். ரிலேட்டிவ் என்றால் சொந்தக்காரர் என்றும் அர்த்தம் உண்டு. அதற்கு எங்கள் பேட்ச்சில் ஒரு பொருள் சொல்வோம். "எ ரிலேட்டிவ் ஈஸ் எ பெர்சன் ஹூ ஆஸ்க்ஸ் யுவர் மார்க்ஸ் பிஃபோர் ஆஸ்கிங் இஃப் யூ ஹேவ் ஈட்டன்." சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் மார்க் எவ்வளவு என்று கேட்கிறவர். சிரித்தீர்கள் அல்லவா? அந்தச் சிரிப்பு முழுக்க 'ஹூ'வுக்குப் பின்னால் இருக்கிறது. 'எ பெர்சன்' என்பதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சில வருடங்களாக நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் உட்காருகிறேன். ஒரு முறை ஒரு பையன் வந்தான். தமிழ் வழியில் படித்தவன். சர்க்யூட் வரையச் சொன்னோம், பிரமாதமாக வரைந்தான். "ஃப்யூஸ் என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டோம். பதில் இப்படி வந்தது: "ஒன் வயர் ஈஸ் தேர் சார். கரண்ட் ஹை சார். வயர் மெல்ட் சார். சர்க்யூட் கட் சார்." ஒன்றும் தப்பில்லை பாருங்கள்! கம்பி, அதிக மின்சாரம், உருகுதல், சுற்று அறுதல், எல்லாம் சரியான வரிசையில் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் இருந்தவர் 'கம்யூனிகேஷன் போதாது' என்று எழுதிவிட்டார். நான் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. அந்தப் பையனிடம் இல்லாமல் போனது ஒரே ஒரு 'தட்'. "எ ஃப்யூஸ் ஈஸ் எ வயர் தட் மெல்ட்ஸ் வென் தி கரண்ட் ஈஸ் டூ ஹை." துண்டுகள் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன.

2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்தப் பையனைப் போன்றவர்கள் இந்த அரங்கிலும் நிறைய இருப்பீர்கள். உங்களுக்கு விஷயம் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் என்ன என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதை ஒரே மூச்சில் ஒப்பிப்பீர்கள். "சரி, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்றதும் துண்டு துண்டாகிவிடும். இது அறிவுக் குறைவு இல்லை. தமிழும் ஆங்கிலமும் இந்த ஓரிடத்தில் நேர் எதிராக நடப்பதால் வருகிற தடுமாற்றம்.

எப்படி என்கிறீர்களா? "நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்த" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில்தான் நாம் "பையன்" என்கிறோம். குதித்த என்பது பெயரெச்சம். ஆங்கிலத்திலோ 'தி பாய்' முதலில் வந்து நின்றுவிடுகிறான். அவன் ஏறியதும் குதித்ததும் அவனுக்குப் பின்னால் வால் மாதிரி நீளும்.

இன்னொன்றும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று சொல்லியிருக்கிறார். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். 'வெட்டிய' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஆள், வெட்டிய அரிவாள், வெட்டிய தோப்பு, வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய மரம். ஆறுக்கும் 'வெட்டிய' மாறவே இல்லை. வெட்டியது ஆளா அரிவாளா என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. ஆளுக்கு ஹூ, அரிவாளுக்கு வித் விச், தோப்புக்கு வேர், நாளுக்கு வென், மரத்துக்கு விச் அல்லது தட். நாம் ஒரே சாவியால் திறக்கிற ஆறு பூட்டுக்கு அவர்கள் சாவிக்கொத்தே வைத்திருக்கிறார்கள். எந்தச் சாவி என்று தேடுகிற அரை வினாடியில்தான் நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பள்ளிக்கூட ஆங்கிலப் பாடத்தைத் தமிழாசிரியரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நடத்தினால் பாதிக் கஷ்டம் போய்விடும். அது வேறு கதை.

சரி, சாவிக்கொத்தைப் பழகுவது எப்படி? இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாகச் சேர்க்கச் சொல்லும் பயிற்சி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தேர்வுக்கு உதவும், வாய்க்கு வராது. முதலாண்டில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வேறு வழி வைத்திருந்தார். துண்டுச் சீட்டுகளில் கல்லூரிச் சொற்களை எழுதி மடித்துப் போடுவார். எடுத்தவர் அந்தச் சொல்லுக்கு அகராதி மாதிரி பொருள் சொல்ல வேண்டும். ஆளா, இடமா, பொருளா என்று முதலில் சொல்லிவிட்டு, ஹூவோ வேரோ விச்சோ போட்டுத் தொடர வேண்டும். யாராவது ஒருவராவது சிரித்தால்தான் மதிப்பெண்.

கேன்டீன் என்ற சீட்டை எடுத்த நண்பன் சொன்னது: "கேன்டீன் ஈஸ் தி பிளேஸ் வேர் எஸ்டர்டேஸ் வடை பிகம்ஸ் டுடேஸ் வடைகறி." நேற்றைய வடை இன்றைய வடைகறியாகும் இடம்! அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன் அவன். அதற்குப் பிறகு 'வேர்' என்ற சொல்லை அவன் வாழ்நாளில் மறக்க மாட்டான். நானும்தான். டிராஃப்டருக்கு ஒருத்தி சொன்னாள்: "அன் இன்ஸ்ட்ருமென்ட் ஹூஸ் ஸ்க்ரூ ஈஸ் ஆல்வேஸ் வித் சம்படி எல்ஸ்." திருகாணி எப்போதும் வேறொருவரிடம் இருக்கும் கருவி. உயிரில்லாத பொருளுக்கு 'ஹூஸ்' வருமா என்று ஒரு சண்டை வந்தது. வரும் என்று பேராசிரியர் தீர்ப்புச் சொன்னார். லேப் ரெக்கார்டுக்கு: "எ நோட்புக் இன் விச் வீ ரைட் வாட் அவர் சீனியர்ஸ் ரோட்." சீனியர்கள் எழுதியதை நாம் எழுதும் நோட்டு. அந்த 'இன்' முக்கியம். 'எ நோட்புக் விச் வீ ரைட்' என்று விட்டால் நோட்டையே நாம் இயற்றியதாக ஆகிவிடும். அரியருக்கு நான் சொன்னது: "எ பேப்பர் தட் லவ்ஸ் யூ மோர் தேன் யூ லவ் இட்."

இந்தக் கடைசி 'இட்' சரியானது. ஏனென்றால் அது 'தேன்' என்பதற்குப் பின்னால் தனி வாக்கியமாக வருகிறது. ஆனால் "தி புக் விச் ஐ பாட் இட்" என்று சொல்கிறோமே, அந்த 'இட்' வேண்டாத விருந்தாளி. புத்தகம் 'விச்'சுக்குள்ளேயே இருக்கிறது. அதே போல "தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே, ஹி ஈஸ் மை அங்கிள்" என்பதில் 'ஹி'. 'எவன் வந்தானோ அவன்' என்ற நம் பேச்சுப் பழக்கம் அங்கே எட்டிப் பார்க்கிறது. இவற்றை விதியாகச் சொன்னால் மறந்துபோகும். வேடிக்கைப் பொருள் சொல்லும்போது, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு சொல் கூடினாலும் சிரிப்புச் செத்துவிடும். அதனால் வாயே அதைத் தள்ளிவிடும்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஆங்கில அகராதிக்கே பெரிய ஆசான் சாமுவேல் ஜான்சன். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் ஓட்ஸ் தானியத்துக்குப் பொருள் எழுதும்போது, ஸ்காட்லாந்துக்காரர்களின் சாப்பாட்டையும் இங்கிலாந்துக் குதிரைகளின் தீனியையும் ஒன்றாக வைத்துக் கேலி செய்திருக்கிறார். அந்தக் கேலியைத் தூக்கி நிறுத்துவது ஒரு 'விச்'. இதில் இன்னொரு வேடிக்கை, அவருக்கு எழுத்து வேலையில் உதவிய ஆறு பேரில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்! அமெரிக்காவில் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் என்ற பத்திரிகையாளர் முழுக்கக் குத்தலான பொருள்களாலேயே ஓர் அகராதி எழுதினார். 'டெவில்ஸ் டிக்ஷனரி' என்ற பெயரில் 1911-இல் வந்தது. ஆங்கிலத்தில் கொஞ்சம் நடை பழகிய பிறகு படித்துப் பாருங்கள். எல்லாமே கசப்பு, நாளைக்கு ரெண்டு பக்கத்துக்கு மேல் தாங்காது.

வேலைக்குப் போன பிறகு இதே 'விச்' காசு பணத்தில் கை வைக்கும். நாற்பது வால்வு உள்ள ஒரு பிளான்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஒழுகுகிறது. "தி வால்வ்ஸ் விச் ஆர் லீக்கிங் மஸ்ட் பி ரீபிளேஸ்ட்" என்று எழுதினால் மூன்றை மாற்ற வேண்டும். அதே வாக்கியத்தில் 'வால்வ்ஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, 'லீக்கிங்' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டுப் பாருங்கள். எல்லா வால்வும் ஒழுகுகின்றன, எல்லாவற்றையும் மாற்று என்று அர்த்தமாகிவிடும். கான்ட்ராக்டர் நாற்பதுக்கும் பில் போடுவார், அவர் பக்கம் இலக்கணமும் இருக்கும். முன்வரிசையில் சில தலைகள் ஆடுவதைப் பார்க்கிறேன். அனுபவப்பட்டவர்கள் போலிருக்கிறது.

இன்றைக்கு ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்க கைப்பேசியே போதும் என்று சொல்வீர்கள். கடிதத்துக்குப் போதும். வைவாவில் எதிரே உட்கார்ந்திருக்கும் எக்ஸ்டர்னல் அதுவரை காத்திருக்க மாட்டார். அங்கே "இட் ஈஸ் எ டிவைஸ் விச்..." என்று தொடங்கிவிட்டால் பாதி கிணறு தாண்டிய மாதிரி. வகையைச் சொல்லிவிட்டீர்கள், மீதியை எதிரில் இருப்பவர் ஆவலோடு கேட்பார். அந்த 'விச்'சுக்குப் பின் ஒரு வினாடி நிறுத்தினாலும் அதைத் தடுமாற்றம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வேடிக்கைப் பொருள் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வினாடி பயமாக இருக்காது. அங்கேதான் சிரிப்பு வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

தம்பி தங்கைகளே, மதிய உணவுக்குப் பிறகு ஹாஸ்டல் பிள்ளைகளும் டே ஸ்காலர்களும் கலந்து ஆறு ஆறு பேராக உட்காருங்கள். சங்கத்தின் சார்பில் சீட்டுகள் தயாராக உள்ளன. வார்டன், ஜெராக்ஸ் கடை, டவுன் பஸ், பவர் கட், இன்டர்னல் மார்க், மெஸ் பில் என்று அறுபது சொற்கள். ஆங்கிலம் நன்றாக வருகிறவர்கள் தயவுசெய்து முதல் சுற்றில் வாயை மூடிக்கொண்டு சிரிக்க மட்டும் செய்யுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தலாம், கேலி கூடாது. கேலி சீட்டில் உள்ள சொல்லுக்கு மட்டும்தான். பேராசிரியர்களும் சீட்டு எடுக்கலாம், எடுத்தால் எங்களுக்குச் சந்தோஷம். 'பழைய மாணவர்' என்ற சொல்லும் அந்த அறுபதில் இருக்கிறது. அதற்கு நீங்கள் என்ன பொருள் சொன்னாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் நாங்கள் மனிதர்கள், 'விச்' போட்டுவிடாதீர்கள்!