கடலுக்கு அடங்கல் எழுதுவோம்

(கடலோர ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற கிராம சபையில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்களே, எடுத்தால் ஊருக்கு விளக்கு எரியுமா, அல்லது உள்ள மீனும் போய்விடுமா?” என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். சிரிக்கத்தக்க வினா அன்று அது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு அலை, ஓதம் முதலிய கடல் வழி மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாக ஏற்று அறிவித்துவிட்டது. ஆகவே, இன்றில்லாவிடினும் நாளை யாரேனும் ஒருவர் வரைபடச் சுருளுடன் நம் கரைக்கு வந்து இறங்கக்கூடும். அவர் வருமுன் நாம் செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இன்று வந்துள்ளோம். உழவர் பெருமக்கள், கடல் விஷயம் நமக்கு எதற்கு என்று எழுந்து செல்ல வேண்டா. புறம்போக்கில் மாடு மேய்த்தவர் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

அலை மின்சாரம் நமக்கு அயலான பொருளன்று. நம் எல்லையைக் கடந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் விழிஞம் துறைமுகம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1983-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சி செய்து, 1991-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் 150 கிலோவாட் திறனுள்ள அலை மின் நிலையம் ஒன்றை இயங்கச் செய்தனர். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட்டுகள் ஏறத்தாழ நாற்பதை ஓட்டவல்ல திறன் அது. அமைப்பும் எளியதே. அலைதாங்கிச் சுவருக்கு அருகே, அடிப்புறம் திறந்த பெரிய கான்கிரீட்டுப் பெட்டி ஒன்றைக் கடலில் இறக்கினர். அலை வரும்போது பெட்டிக்குள் நீர் உயரும். அலை மீளும்போது தாழும். கொல்லன் துருத்தி போல மேலே அடைபட்ட காற்று குழாய் வழியே வெளியே பாய்ந்து, மீண்டும் உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் ஓடினும் ஒரே திசையில் சுழலும் விசிறி ஒன்று அக்குழாயில் பொருத்தப்பட்டிருந்தது. கடலில் முழங்கும் அலை நேரே யந்திரத்தைத் தொடுவதே இல்லை, காற்றே தொடுகிறது. நல்ல யோசனைதான்.

ஆயினும் அந்நிலையம் இன்று இயங்கவில்லை. அலையின் உயரம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது கணக்கு. எனவே பங்குனியில் பசியோடு காத்திருக்கும் அதே யந்திரம், ஆனி ஆடியில் அடி தாங்க முடியாமல் திணறும். ஆண்டு முழுதும் சீராக மின்சாரம் தருவது அதற்கு அரிது. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் இத்துறை இன்னும் நாற்றங்காலில் நிற்கிறதேயன்றி நடவுக்கு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. யந்திரம் வந்த மறுநாளே மின்கட்டணம் குறையும் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டா.

இனி, நம்முடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடலோர வட்டாரத்தில் பணிபுரிந்தபோது, நெல் உலர்களம் ஒன்று வேண்டுமென உழவர்கள் கேட்டனர். நியாயமான கோரிக்கை. இடம் தேடினோம். கடற்கரையை ஒட்டி அகன்ற மணல்வெளி இருந்தது. கிராமக் கணக்கில் புறம்போக்கு என்றிருந்தது. எதிரே எவர் பெயரும் இல்லை. நேரில் சென்று பார்த்தோம். ஓர் ஈ, காக்கை இல்லை. “இடம் காலியாக உள்ளது” என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டோம். களம் எழும்பியது. ஐப்பசியில் நெத்திலிக் கூடைகளுடன் பெண்கள் வந்து நின்றபோதுதான், அது தலைமுறை தலைமுறையாகக் கருவாடு காயும் இடம் என்பது தெரிந்தது. அவர்களுள் முதியவர் ஒருவர் கோபமின்றிச் சொன்னார்: “ஐயா, நீங்கள் வந்தது ஆடி மாதம். எங்களுக்குத் தொழில் இல்லாத நாளில் வந்து பார்த்து, இடம் காலி என்று எழுதிவிட்டீர்கள்.” பின்னர் வேறிடம் ஒதுக்கி ஒருவாறு சரிசெய்தோம், இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் சில பெண்கள் அத்தொழிலையே விட்டிருந்தனர். அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்கத்தக்கது ஒன்றுமில்லை.

நிலத்திற்கு அ-பதிவேடு உண்டு, புல வரைபடம் உண்டு, எந்தப் பசலியில் என்ன பயிர் என்று சொல்ல அடங்கல் உண்டு. அவ்வளவு இருந்தும் நாம் தவறினோம். கடலுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. வெளியூரிலிருந்து வருபவர் கண்ணுக்கு அது முழுதும் ஆடி மாதத்து மணல்வெளியே.

இதே நிலை அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாநிலத்தில் நேர்ந்தது. அங்கே பசிபிக் மாகடலின் அலை மிக வலியது. 2006-ஆம் ஆண்டை அடுத்து, அலை மின்சாரத்திற்கென ஒருவர் பின் ஒருவராகக் கடலில் இடம் கேட்டு விண்ணப்பித்தனர். அவர்கள் கேட்ட இடங்களிலேதான் அவ்வூர் மீனவர் நண்டுக் கூடுகளை இறக்கி வந்தனர். டஞ்சனெஸ் நண்டு என்பது அம்மாநிலத்து மீன்வளத்தில் பெருஞ்செல்வம். அதே காலத்தில் அரசு, மீன்வளத்தைக் காக்கும் பொருட்டுக் கடற்காப்பகங்களையும் ஏற்படுத்த முனைந்தது. காப்பகத்தில் யந்திரமும் வைக்கக் கூடாது, மீனும் பிடிக்கக் கூடாது. ஆக, ஒரு பக்கம் மின்சாரம், மறுபக்கம் பாதுகாப்பு. இரண்டும் நல்ல காரியங்களே. இரண்டுக்கும் இடம் விடவேண்டியவன் நடுவில் நின்ற மீனவன்! இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வளர்ச்சியா, பாதுகாப்பா என்று பெரிய மேடைகளில் வழக்காடும்போது, இருவரும் பங்கிட்டுக்கொள்வது மூன்றாமவன் வயலாக இருந்துவிடக் கூடாது.

ஓரிகன் மீனவர் என்ன செய்தனர்? நியூபோர்ட் துறைமுகத்தை உள்ளடக்கிய லிங்கன் மாவட்டத்தில் தங்களுக்குள் ஒரு குழு அமைத்தனர். மீனவர்களை நேரில் கண்டு, எந்த இடத்தில் எந்த மீன் எவ்வளவு பயன் தருகிறது என்று கேட்டறிந்து வரைபடங்கள் தயாரிக்கப்பட்டன. மீன் கிடைக்கும் இடத்தை எந்த மீனவன் வெளியே சொல்வான்? அதற்கும் வழி கண்டனர். தனி ஒருவர் கூறிய இடம் வெளிப்படாதவாறு பலர் கூறியதை ஒன்றாகக் கூட்டியே படத்தில் காட்டினர். மாநில அரசு 2009-ஆம் ஆண்டில் தன் கரைக்கடல் திட்டத்தில் அலை மின்சாரத்திற்கென விதிகளைச் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டில் அதனுடன் வரைபடங்களையும் இணைத்தது. இன்ன பகுதியில் யந்திரம் வரலாம், இன்ன பகுதியில் வரலாகாது என்பது அப்போது எழுத்தில் வந்தது. 2012 தொடங்கி 2016-க்குள் ஐந்து கடற்காப்பகங்களும் நடைமுறைக்கு வந்தன.

அங்கு நேர்ந்த தொல்லைகளையும் சொல்லிவிடுகிறோம். 2007-ஆம் ஆண்டில் நியூபோர்ட்டுக்கு அருகே சோதனைக்காக மிதக்கவிட்ட கருவி ஒன்று, கரையேற்றப்படுவதற்கு முதல்நாள் மூழ்கிப்போயிற்று. ரீட்ஸ்போர்ட் என்ற ஊருக்கு எதிரே பத்து மிதவைகள் நிறுவ 2012-இல் உரிமம் பெற்ற திட்டம் 2014-இல் கைவிடப்பட்டது. மாறாக, மீனவர் குழுவைக் கலந்து இடம் தேர்ந்த சோதனை நிலையம் ஒன்று நியூபோர்ட்டுக்குத் தெற்கே, கரையிலிருந்து சுமார் ஏழு மைல் தொலைவில் அமைந்தது. ஓரிகன் அரசுப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் அந்நிலையத்திற்கு 2021-இல் உரிமம் கிடைத்தது. திமிங்கிலங்கள் வலசை போகும் கடல் அது. ஆதலால் நங்கூரக் கயிறுகளாலும் ஒலியாலும் கம்பிகளைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தாலும் தீங்கு நேருமா என்று கண்காணிக்க வேண்டியதும் உரிமத்தோடு சேர்ந்த கடமை. மின்கம்பி கடற்கரை மணலைக் கிளறாமல் நிலத்தடியில் துளையிட்டுக் கரையேற்றப்பட்டது. இதனால் மீனவருக்கு இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டோம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுத்தனர், அவ்வளவே.

நம் கடற்கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பாக் நீரிணைப் பகுதியில் 2022-இல் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும் கடற்புல்லும் அழிந்தால் மீன்குஞ்சு பிழைக்காது. ஆகவே இவை வேண்டியவை. அவ்வாறே மின்சாரமும் வேண்டும். ஸ்பெயின் நாட்டின் முட்ரிக்கு என்ற சிற்றூரில், துறைமுகத்திற்கு எப்படியும் கட்டவேண்டியிருந்த அலைதாங்கிச் சுவருக்குள்ளேயே பதினாறு விசிறிகளை வைத்து, 2011 முதல் 296 கிலோவாட் திறனுள்ள நிலையத்தை நடத்துகின்றனர். மின்சாரத்திற்கென்று புதிதாக ஒரு சாண் கடலையும் அவர்கள் எடுக்கவில்லை. நம் பக்கத்துத் துறைமுகச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊர் நினைவுக்கு வருகிறது. (இதற்காகப் புதிய தூண்டில் வளைவு கேட்டு யாரும் மனுக் கொடுக்க வேண்டா! ஓர் ஊரில் சேரும் மணல் அடுத்த ஊரில் அரித்த மணலே.)

அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரியனவாக 29 பொருள்கள் கூறப்பட்டுள்ளன. அதில் ஐந்தாவது, மீன்வளம். பதினைந்தாவது, மரபுசாரா எரிசக்தி. இரண்டும் ஒரே பட்டியலில், உங்கள் மேசை மீதே உள்ளன. மேலும் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நாம் பார்த்தவரை, கடலோர ஊர்களின் பதிவேடுகளும் வேம்பு, பனை, கீழாநெல்லி என்று கரையோடு நின்றுவிடுகின்றன. அதில் கடலையும் எழுதுவோம் என்பதே நமது வேண்டுகோள்.

எவ்வாறு எழுதுவது? கரையிலுள்ள மலையுச்சியையும் கோபுரத்தையும் நேர்பிடித்துக் கடலில் இடம் அறிவது நம் மீனவர் கலை. விழிஞத்து மீனவர் இதனைக் கணிச்சம் என்பர். எந்தப் பார் எங்கே உள்ளது, அதன் பெயர் என்ன, சிங்கி இறால் எம்மாதத்தில் அங்கு ஒதுங்கும், கரைமடி இழுக்க எவ்வளவு தூரம் வெற்றுக் கடல் வேண்டும், பங்குனி ஆமை எந்த மணலில் முட்டையிடும், வள்ளம் எந்த வழியாக அலை கடந்து போகும் என்பனவெல்லாம் முதியவர் நெஞ்சில் உள்ளன. மாதவாரியாக எழுதுங்கள், ஆடியில் வெறுமையாய் இருக்கும் இடம் ஐப்பசியில் யாருடையது என்பதையும் எழுதுங்கள். தனியொருவர் மறைத்துவைத்த பார் இருந்தால் அதன் இடத்தைக் குறிக்க வேண்டா. ஓரிகன் மீனவர் செய்தது போலப் பெரிய வட்டமாகக் காட்டினால் போதும்.

இப்பதிவேடு பட்டா ஆகாது. கடல் மீது ஊராட்சிக்கு அதிகாரம் தந்துவிடவும் செய்யாது. ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உரக்கப் பேசிய பேச்சு பல வேளை கோப்பில் ஏறுவதில்லை. கிராம சபை தீர்மானித்துக் கொடுத்த காகிதம் ஏறும். இருபது ஆண்டுகள் கோப்போடு வாழ்ந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறோம்.

கோடு போட்ட கணக்கேடு ஒன்றை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறோம். முதற்பக்கத்தில் மாதங்களின் பெயர் மட்டும் எழுதியுள்ளது. தேநீருக்குப் பின் அந்தப் புன்னை மரத்தடியில் அமர்வோம். பார்களின் பெயர் அறிந்த முதியவர் ஒருவரும், எழுத்து அழகாக எழுதும் பிள்ளை ஒருவரும் வந்து உதவ வேண்டும். கருவாட்டுத் தொழில் செய்யும் தாய்மாரும் தவறாமல் வரவேண்டும். மணலைப் பற்றிய பக்கம் அவர்களுடையது.