மூடியைக் கழட்டினியா?
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு நம் கல்லூரி மாணவி ஒருவர், தன் தாத்தா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த காமிரா ஒன்றைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சார், இது வேலை செய்யுமா? இதுல படம் எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார். பின்பக்கம் திரை இல்லையே என்பது அவர் கவலை. அந்தச் செய்தி சங்கச் செயலாளர் காதுக்குப் போய், "பழைய காமிராக்களைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க" என்று என்னை இங்கே ஏற்றிவிட்டார்கள். மேசைமேல் மூன்று காமிராக்கள் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எடுத்துப் பார்க்கலாம். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. பச்சைமலை அடிவாரம். நான் படித்த காலத்தில் அதெல்லாம் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் மாவட்டம் 1995-ல்தான் பிறந்தது. எங்கள் ஊரில் மலேயா, சிங்கப்பூர் போகாத ஆள் உள்ள வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் சித்தப்பா அங்கே எஸ்டேட்டில் இருந்தார். 1976-ல் 'சிதம்பரம்' கப்பலில் சென்னைக்கு வந்து, ரயிலில் அரியலூர் இறங்கி, பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தபோது அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குக் கைலி, குழந்தைகளுக்கு மிட்டாய். எனக்கு மட்டும் தோல் உறை போட்ட ஒரு காமிரா. "காலேஜ்ல படிக்கிற பையன், அவன் வச்சிக்கட்டும்" என்றார். அதுதான் இடது ஓரத்தில் இருக்கும் யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என்.

அதுவரை நான் பார்த்திருந்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 தான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டால் பன்னிரண்டு படம். தூரம் சரிசெய்யும் வேலையே கிடையாது. வெயிலில் நிற்க வைத்து அழுத்த வேண்டியதுதான். யாஷிகாவில் முப்பத்தாறு படம். ஆனால் எவ்வளவு தூரத்தில் ஆள் நிற்கிறார் என்பதை நாம்தான் சரியாக வைக்க வேண்டும். அங்கேதான் 'ரேஞ்ச் ஃபைண்டர்' வருகிறது.

இதை விளக்க காமிராவே வேண்டாம். எல்லோரும் ஒரு விரலை முகத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் இடம் மாறுகிறது அல்லவா? விரலைத் தள்ளிப் பிடித்தால் மாற்றம் குறையும். இந்த வித்தையைத்தான் காமிராவும் செய்கிறது. அதற்கும் இரண்டு கண், அதாவது முன்பக்கத்தில் இரண்டு சிறு ஜன்னல்கள். இரண்டிலும் வரும் பிம்பங்களைக் கண்ணாடிகள் ஒன்றாகச் சேர்க்கின்றன. உள்ளே பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம் தெரியும். அதில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். நாம் பார்ப்பது ஜன்னல் வழியாக. படம் விழுவது லென்ஸ் வழியாக. இரண்டும் வேறு வேறு பாதை. எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் வழியாகவே பார்ப்போம். அதற்காக உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய் வரும், சத்தமும் வரும். இவற்றில் அந்தக் கண்ணாடி இல்லை. அதனால்தான் கையடக்கமாக இருக்கின்றன. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக இருப்பதால் சத்தமும் மெல்லிசு. தூங்குகிற குழந்தையைப் பக்கத்தில் நின்று எடுக்கலாம், விழிக்காது. எந்த ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் போடலாம்.

இப்போது மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் யாஷிகா. எலெக்ட்ரோ 35 வரிசை 1966-ல் வந்தது. இந்த ஜி.எஸ்.என். 1973-ல். லென்ஸ் 45 மி.மீ., எஃப் 1.7. எடை முக்கால் கிலோ. நாம் லென்ஸின் துவாரத்தை மட்டும் வைத்தால் போதும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்சுற்று முடிவு செய்யும். 1/500 நொடியிலிருந்து 30 நொடி வரை. வெளிச்சம் அதிகமானால் சிவப்பு விளக்கு, ஷட்டர் மெதுவாக ஓடப்போகிறது என்றால் மஞ்சள் விளக்கு. கோயிலில் விளக்கு வெளிச்சத்தில் எடுக்க இதற்கு ஈடு கிடையாது. குறை என்னவென்றால், ஷட்டர் வேகத்தை நாம் வைக்க வழியே இல்லை. பேட்டரி தீர்ந்தால் 1/500 மட்டும்தான் ஓடும்.

நடுவில் இருப்பது கேனனட் கியூ.எல். 17 ஜி-3. 1972-ல் வந்தது. 40 மி.மீ., எஃப் 1.7. எடை 620 கிராம். நம்மோடு படித்து சிங்கப்பூர் போன நண்பர் 1982-ல் எனக்குக் கொடுத்தார். இதில் முறை தலைகீழ். நாம் ஷட்டர் வேகத்தை வைத்தால் அது துவாரத்தை வைக்கும். ஆட்டோ வேண்டாம் என்றால் இரண்டையும் நாமே வைக்கலாம், அதற்குப் பேட்டரியே தேவையில்லை. பிலிமின் நுனியை வைத்து மூடினால் தானே பிடித்துக்கொள்ளும். கியூ.எல். என்ற எழுத்துக்கு அர்த்தமே அதுதான், சட்டென்று பிலிம் போடுவது.

மூன்றாவது ஒலிம்பஸ் 35 ஆர்.சி. 1970-ல் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கினேன். எடை 410 கிராம்தான், சட்டைப் பையில் ஒருமாதிரி போட்டுக்கொள்ளலாம். 42 மி.மீ., எஃப் 2.8. மற்ற இரண்டின் லென்ஸும் இதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். மெதுவான வேகமும் 1/15 வரைதான். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும்போதே ஷட்டர் வேகமும் துவாரமும் இரண்டுமே உள்ளே தெரியும். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும் விவரம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். இதுவரை என் வீட்டிலேகூட முழுசாகச் சொன்னதில்லை.

1977 பொங்கல் விடுமுறை. காமிரா வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா படமே எடுத்துக்கொண்டதில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். சின்ன வெங்காயம் போட்டு, அதை விற்ற காசில் எனக்கு விடுதிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். நான் கல்லூரிக்குத் திரும்பும் அன்று காலையில், என்ன நினைத்தாரோ, "சரி, எடுடா" என்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அம்மா தலை வாரிவிட்டாள். நானும் மஞ்சள் கட்டத்தில் அவர் முகத்தை ஒன்றாக்கி, மூன்று படம் எடுத்தேன்.

பெரம்பலூரில் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவினேன். மற்ற படங்கள் எல்லாம் வந்திருந்தன. அந்த மூன்று மட்டும் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தன. ஸ்டூடியோக்காரர்தான் கெடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். அவர் நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, அமைதியாகக் கேட்டார். "தம்பி, மூடியைக் கழட்டினியா?"

கழட்டவில்லை. புழுதி படுமே என்று லென்ஸுக்கு மூடி போட்டு வைத்திருந்தேன். பார்ப்பது ஜன்னல் வழியாக என்பதால் அப்பா பளிச்சென்று தெரிந்தார். யாஷிகாவில் வெளிச்சத்தை அளக்கும் கண் லென்ஸ் வளையத்தில் இல்லை. காமிராவின் நெற்றியில் தனியாக இருக்கிறது. மூடி போட்டிருந்தாலும் அதற்கு வெளிச்சம் தெரியும். எல்லாம் சரி என்று ஷட்டரும் ஓடும். தப்பு காமிராவுடையது அல்ல, என்னுடையது. ஆனால் அது எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார், "படம் வந்துச்சா?" படிக்கிற பையன் மூடியோடு எடுத்தான் என்று சொல்ல வெட்கம். "இன்னும் வரலப்பா, திருச்சியில குடுத்திருக்கு" என்றேன். அதற்கு அடுத்த முறையும் கேட்டார். அதே பதில். உண்மையைச் சொல்லியிருந்தால், "அதுக்கென்ன, இன்னொண்ணு எடு" என்று அவரே திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். நான் சொல்லவில்லை. அந்த ஐப்பசியில் மழை நாளில் அப்பா இறந்துபோனார். எங்கள் வீட்டில் அப்பாவின் படம் கிடையாது. திதி கொடுக்கும்போது விளக்கை மட்டும் ஏற்றி வைக்கிறோம். என் பேரப் பிள்ளைகள் "கொள்ளுத்தாத்தா எப்படி இருப்பாரு?" என்று கேட்டால், "என்னை மாதிரிதான், கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லி வைக்கிறேன்.

1984-ல் அம்மாவை எடுக்க உட்கார வைத்தேன், இந்தக் கேனனட்டில். அழுத்தினேன். பொத்தான் இறங்கவில்லை. மறுபடி அழுத்தினேன், ஊஹும். திருப்பிப் பார்த்தால் லென்ஸில் மூடி! ஏழு வருஷத்துக்கு அப்புறமும் அதே தப்பு. ஆனால் கேனனட்டில் வெளிச்சக் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. மூடி போட்டால் அதற்கும் இருட்டு. வெளிச்சம் போதாவிட்டால் ஆட்டோவில் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ஒலிம்பஸிலும் அப்படித்தான். அம்மாவின் அந்தப் படம் இன்று பூலாம்பாடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதனால்தான், எது சிறந்தது என்று யாராவது கேட்டால், லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேனனட்டைத் தொட்டுக் காட்டுவேன்.

யாஷிகாவை மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் வகுப்பு ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனபோது எடுத்த படம், மலரில் பலமுறை அச்சான படம், இதே யாஷிகாவில் எடுத்ததுதான். அதில் நிற்கும் சிலர் இன்று நம்மோடு இல்லை.

தம்பி தங்கைகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம்.

முதலாவது, பேட்டரி. இந்தக் காமிராக்கள் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அவற்றை இப்போது செய்வதில்லை. கேனனட்டுக்கும் ஒலிம்பஸுக்கும் வேண்டியது 1.35 வோல்ட். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், படம் இருண்டு வரும். அதற்கு வழி, காது கேட்கும் மிஷினுக்குப் போடும் 675 எண் பேட்டரி. 1.4 வோல்ட். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டால் சில மாதம்தான் ஓடும். என் காது மிஷினுக்கும் இதே பேட்டரிதான். கேனனட்டின் மீட்டர் அசையவில்லை என்றால் என் காதிலிருந்து கழட்டிப் போடுவேன். அந்த நேரம் வீட்டம்மா கூப்பிட்டால் கேட்காது என்பது உபரி லாபம். யாஷிகாவுக்கு 5.6 வோல்ட். அதற்கு 6 வோல்ட் பேட்டரியை ஒரு ஸ்பிரிங் வைத்துப் போட்டால் போதும், அது பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பின்மூடியைச் சுற்றி வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு. அது இந்நேரம் தார் மாதிரி உருகியிருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் வைத்து ஒட்டலாம்.

மூன்றாவது, யாஷிகா வாங்கினால் பிலிம் சுற்றும் நெம்புகோலைத் தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே ஒரு சிறு ரப்பர் கரைந்துபோயிருக்கிறது. திறந்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நான்காவது, தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். இன்று ஒரு கலர் ரோல் வாங்கிக் கழுவி முடிக்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. ஊட்டித் தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் போனில் இலவசமாக எடுக்கலாம், எடுத்தவுடனே பார்க்கலாம், தப்பானால் அங்கேயே மறுபடி எடுக்கலாம். எனக்கு 1977-ல் அது இருந்திருந்தால் என்ன கொடுத்திருப்பேன்! ஆகவே பிலிம்தான் உயர்ந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஆசைப்பட்டால் கற்றுக்கொள்ளுங்கள், நான் சொல்லித் தருகிறேன். ஆனால் எதில் எடுத்தாலும், இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவை உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். சரியாக வரவில்லை என்றால் வரவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். மறுபடி உட்காருவார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நூலகப் படிக்கட்டில் எல்லா வகுப்பினரும் சேர்ந்து குழுப்படம் எடுக்கிறோம். இந்த யாஷிகாவில்தான் எடுக்கப்போகிறேன். எடுப்பதற்கு முன்னால் நீங்கள் எல்லோரும் சத்தமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேள்வி என்று தெரியும். கொஞ்சம் உரக்கவே கேளுங்கள், காது மிஷினைக் கழட்டியிருப்பேன்.