மோட்டாருக்கு நீராட்டு



காரைக் கழுவுவதைப் பற்றிப் பேசவா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை வானொலி நிலையத்துக்கு அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆயினும், ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு துண்டுத் துணியையும் முறையாகக் கையாளத் தெரியாமல், நான் ஒரு காரின் மேனியைக் கெடுத்ததோடு, நல்ல இளைஞர் ஒருவரின் மனத்தையும் புண்படுத்தினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் செய்த பிழை அது. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

நான் குடியிருப்பது சாந்தோம். பேராலயத்தின் வெண்ணிறக் கோபுரம் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். அலையோசை இரவில் படுக்கைவரை வரும். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கினால் மற்றப் பேட்டைக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அந்தக் காற்று தனியாக வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. உடைந்து சிதறும் அலைகளிலிருந்து எழும் உப்புத் துளிகளையும், மணற்பரப்பிலிருந்து பொடி மணலையும் அது சுமந்துகொண்டு வருகிறது. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி துருவேறாத வீடு ஒன்றைக் காண்பது அரிது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசிந்துவிடும். கடலோரத்தில் அந்த அளவு ஈரப்பதம் எளிதில் வந்துவிடுகிறது. அப்படிக் கசிந்த உப்புநீர் இரும்பின்மேல் படிந்தால் துருப்பிடிப்பது விரைவாகும். இரும்பைக் காப்பதற்காகத்தான் காருக்கு வர்ணம். அழகு அதற்கு அடுத்தபடிதான்.

2018-ஆம் ஆண்டு நான் ஓய்வு பெற்றபோது, சேமநிதிப் பணத்தில் ஒரு சிறு கார் வாங்கினேன். கருநீல நிறம். அதற்கு முன் எனக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் ஒரு சைக்கிளும் பிறகு ஒரு ஸ்கூட்டரும்தான். ஆகையால் அந்தக் காரின்மேல் எனக்கிருந்த பற்று வயதுக்குச் சற்றும் பொருந்தாதது. பட்டினப்பாக்கத்துக் கடலோரத்திலிருந்து வரும் இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் எட்டுப் பத்துக் கார்களை விடியற்காலையில் கழுவிக்கொடுப்பார். சில நாள் தந்தையோடு கடலுக்குப் போவார். போகாத நாளில் இந்த வேலை. என் காரையும் அவரிடமே ஒப்படைத்தேன். அவர் போன பின்பு, மாலையில் நான் ஓர் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு, படிந்திருக்கும் தூசியை ஓர் அங்குலம் விடாமல் துடைத்துவிட்டு வருவேன். அது எனக்கு மாலைப் பூசை மாதிரி.

அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்த தண்ணீர்ப் பஞ்சத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக நின்றன. குடிக்க நீரில்லாத ஊரில் காருக்கு நீராட்டு எதற்கு என்று எண்ணி, அந்த இளைஞரிடம், "தம்பி, இனிமேல் அரை வாளிக்கு மேல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் தலையை ஆட்டினார்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயிலில் என் பேத்தி காரைக் காட்டி, "தாத்தா, இதில் சிலந்திக் கூடு கட்டியிருக்கிறது பாருங்கள்" என்றாள். பார்த்தேன். முன்மூடியில் தெரிந்த சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, வெள்ளி நூலால் பின்னியதுபோல் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள்! கூரையில் பார்த்தேன், அங்கும் அதே வலை. மறுநாள் விடியலில் அந்த இளைஞர் வந்ததும் தெருவே கேட்கும்படி அவரைக் கடிந்துகொண்டேன். பாத்திரம் தேய்ப்பதைப்போல் வட்டமாகத் தேய்த்துக் காரைப் பாழாக்கிவிட்டாய் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "படகு எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்தால், நல்ல தண்ணீர் விட்டு உப்பையும் மணலையும் போக்கின பிறகுதான் துணி போடுவோம், சார். இங்கே தண்ணீர் இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. கோபம் தணிந்த பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காரின் அருகே உட்கார்ந்தேன். கீறல் ஒன்றாவது வட்டமாக இல்லை! நேராகவும் சாய்வாகவும் குறுக்கும் நெடுக்குமாகவும் இருந்தன. அப்படியானால் வட்டம் எங்கிருந்து வந்தது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிவைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாட்பட்ட எவர்சில்வர் மூடி ஒன்றை எடுத்து, இரவில் ஒற்றை விளக்கின் கீழே பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் தெரியும். இப்போது மூடியை அசைக்காமல் உங்கள் தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பிம்பம் நகரும், வளையங்களும் அதைச் சுற்றிக்கொண்டே கூட நகரும். மூடியில் பதிந்த வளையங்களானால் இருந்த இடத்திலேயே அல்லவா இருக்க வேண்டும்? எல்லாத் திசையிலும் கீறல்கள் இருக்கின்றன. ஆனால் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் வாட்டத்தில் அமைந்தவை மட்டுமே பளிச்சிடுகின்றன. பிம்பத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும், அந்த வாட்டம் வட்டத்தின் வில்லாகவே அமைகிறது. ஆகவே வட்டமாகத் தேய்த்தார் என்று நான் சாட்டிய குற்றம் அடிப்படையற்றது. ஒளியியலை எத்தனையோ ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, கோபத்தில் அது தோன்றவில்லை.

கீறியது எது? மணல்தான். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம்; கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7-ஆம் இடம். ஜன்னல் கண்ணாடிக்கு அதைவிடக் கீழான இடமே. கண்ணாடியைக் கீறும் பொருள், பிசினாலான பூச்சை விட்டுவைக்குமா? இக்காலத்துக் காரின் வர்ணம் ஒரே அடுக்கு அன்று. உலோகத்தின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அந்தத் தெளிபூச்சின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். 1000 மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்; நம் தலைமயிர் ஒன்றின் குறுக்களவே பெரும்பாலும் இதைவிட அதிகம். மயிரிழையினும் மெல்லிய அந்தத் திரைமேல்தான் நான் நாள்தோறும் மாலையில் உலர்ந்த துணியால் மணலை வைத்துத் தேய்த்திருக்கிறேன். அரை வாளி நீரில் அந்த இளைஞர் செய்ததும் அதுவே. ஆனால் அந்த அரை வாளிக்குக் காரணம் நான்.

இனி, கழுவும் முறைக்கு வருவோம். நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும் காலைவேளையில் தொடங்குங்கள். வெயிலில் கழுவினால் சோப்பு நீர் உலர்ந்து திட்டாகும். முதல் வேலை, துணியே படாமல் நீரைமட்டும் மேலிருந்து கீழே ஊற்றி மணலைப் போக்குவது. குழாயைத் திறந்து விட வேண்டியதில்லை. செடிகளுக்கு நீர் தெளிக்கும் கைப்பம்பு போதும். ஆனால் பூச்சிமருந்து அடித்த பம்பு கூடாது. நீரைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, மறுபடி தெளித்தால் பெரும்பாலான மணல் இறங்கிவிடும். சக்கரங்களில் தடைக்கட்டையிலிருந்து உதிரும் இரும்புத்தூள் இருக்கும். அவற்றுக்குத் தனித் துணி, தனி நீர்.

பிறகு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் காருக்கென்று விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியைச் சோப்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி அழுக்கை அங்கே விட்டுவிட்டு, அதன் பின்பே மறுபடி சோப்பு நீருக்குப் போக வேண்டும். ஒரே வாளி வைத்தால், எடுத்த மணலையே திரும்பத் திரும்பக் காரின்மேல் பூசுகிறோம். இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாக வேறெதையும் நான் சொல்லமாட்டேன். கூரை, கண்ணாடி, முன்மூடி, கதவின் மேற்பகுதி என்று கீழே இறங்கி, சேறு மிகுந்த அடிப்பகுதியைக் கடைசியில் தொடுங்கள். அழுத்த வேண்டாம், துணியின் பாரமே போதும்.

துணி என்றேன். பழைய பனியனும் வேட்டிக் கிழிசலும் மென்மையாகத்தான் இருக்கின்றன. ஆனால் சிக்கிய மணலை உள்ளே வாங்கிக்கொள்ளாமல் மேற்பரப்பிலேயே வைத்துத் தேய்க்கும். மைக்ரோபைபர் என்னும் நுண்ணிழைத் துணியில் இழைகள் நெருங்கி நிற்பதால், மணல் இடுக்குக்குள் போய்விடுகிறது. எதுவாயினும், தரையில் விழுந்த துணியை மறுபடி காரின்மேல் வைக்காதீர்கள். உதறிவிட்டால் போதும் என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள். துணி துவைக்கும் பொடியும் பாத்திரம் துலக்கும் திரவமும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பிறந்தவை. முன்பு பூசிய மெழுகையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மண்ணெண்ணெயில் துடைத்தால் பளபளக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பளபளக்கும், மாலைக்குள் தெருத்தூசி முழுவதும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் அலசும் நீர்தான் எங்கள் பகுதியில் தொல்லை. கிணற்றிலும் ஆழ்குழாயிலும் உப்பு. அந்த நீர் உலர்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இன்று மாடியிலிருந்து இறங்கும் மழைநீரில் ஒரு பகுதியை மூடிய தொட்டியில் பிடித்து, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்கிறேன். எல்லாம் சேர்ந்து இரண்டு வாளியோடு இன்னும் ஒன்றரை வாளிக்குமேல் செலவாவதில்லை. அலசியதும் காற்றில் உலரவிடாமல், பெரிய உலர்துணியை மேலே விரித்து ஒற்றி எடுக்க வேண்டும்.

காக்கையின் எச்சத்தை மட்டும் வாரக் கழுவலுக்கு ஒத்திவைக்காதீர்கள். அதில் அமிலம் உண்டு. வெயிலேறினால் தெளிபூச்சைத் தின்று தழும்பாக்கிவிடும். நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுங்கள். கடற்கரையில் காரை உறையிட்டு மூடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தூசியோடு மூடினால், காற்றில் படபடக்கும் உறையே இரவெல்லாம் உப்புத்தாள் வேலை செய்யும்.

இனி மெழுகு. பாலிஷையும் மெழுகையும் ஒன்றென்று எண்ணுகிறவர் பலர். பாலிஷில் அராவும் பொடி உண்டு. கீறலின் கரைகளைத் தேய்த்துச் சமன் செய்து மறைக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய தெளிபூச்சில் கொஞ்சம் போய்விடுகிறது. என் இளமையில் அம்பாஸடர் காருக்குப் பாலிஷ் போட்டால், துணியில் காரின் நிறமே ஏறிவிடும். அந்தக் காலத்து வர்ணத்துக்குமேல் தெளிபூச்சு கிடையாது. மெழுகோ எதையும் அராவுவதில்லை. மேலே ஒரு போர்வையாக நிற்கிறது. இதற்குப் பெயர்பெற்றது கார்னாபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை, கொடிய வறட்சியில் தன் ஓலையின் நீர் வற்றாமலிருக்க அதன்மேல் சுரக்கும் மெழுகு அது. தேன்மெழுகு 65 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். கார்னாபாவோ 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்கு இந்த வேறுபாடு பெரிது.

கழுவி நன்றாக உலர்ந்த கார்மீதே மெழுகிட வேண்டும். நிழலில், ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். அப்பிப் பூசினால் மிச்சத்தைத் துடைக்கும் வேலைதான் கூடும். பனி படர்ந்ததுபோல் மங்கியதும், சுத்தமான வேறொரு துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு நீரைத் தெளித்தால், தாமரை இலையில்போல் முத்துமுத்தாக உருளும். முத்துகள் தட்டையாகிப் பரவத் தொடங்கினால் மெழுகு தேய்ந்துவிட்டது என்று அறியலாம். எங்கள் கடலோரத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கிறது.

அந்த இளைஞரைத் தேடிப் பட்டினப்பாக்கத்துக்கு நான் சென்றது ஆகஸ்டு மாதத்தில். வலை பின்னிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் மூடிச் சோதனையை அவருக்குச் செய்து காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். மூடியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெருவில் நான் கத்தியதைக் கேட்டு வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் அவரை நிறுத்திவிட்டார்கள் என்பதை அவருடைய தாயார்தான் சொன்னார். அந்த இரண்டு வீடுகளுக்கும் மறுநாள் நான் போனேன். ஒருவர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மற்றவர் அதற்குள் வேறு ஆளை வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கார் கழுவுவதில்லை. கடன் வாங்கி ஓர் ஆட்டோ ஓட்டுகிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, "சார், கொஞ்சம் மெழுகு இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டு வந்து, எங்கள் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினார். நான் உற்சாகத்தில் டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு நேரே வண்டியருகே போய்விட்டேன்.

"முதலில் தண்ணீர், சார்" என்றார்.

டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து மழைநீர் எடுக்கப் போனேன்.